பத்தாம் நாளும் பச்சை

ஏப்ரல் 20, ஞாயிறு

மிருதுளா மலையிலிருந்து இறங்கி வந்துவிட்டாள். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த மறுநாள் போனவள், இன்று மத்தியானம் கோத்தகிரி பஸ்ஸில் மேட்டுப்பாளையம் வந்து சேர்ந்தாள். முதுகில் ஒரு பை, கையில் ஒரு துணிப்பை. துணிப்பைக்குள் இரண்டு ப்ராக்கோலி. ஒவ்வொன்றும் இரண்டு கைகளாலும் பிடிக்கிற அளவு.

"யாரு குடுத்தது?" என்று கேட்டேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

"அவங்கதான் மா. காலைல தோட்டத்துல வெட்டுனது. நானே வெட்டுனேன், தெரியுமா? தண்டை இத்தனை நீளம் விட்டு வெட்டோணும். அப்பத்தான் பக்கத்துல மறுபடியும் குட்டிக் குட்டியா விடும். மண்ணு எப்படி இருக்குது தெரியுமா மா, கையில எடுத்தா..."

மேலும் என்னென்னவோ சொன்னாள். 'அவங்க' என்ற சொல்லோடு என் காது அடைத்துக்கொண்டது.

'அவங்க' என்றால் மிருதுவின் அப்பா மூன்று வருஷத்துக்கு முன்னால் கட்டிக்கொண்டவள். நானும் அவரும் பிரிந்தபோது மிருதுவுக்கு எட்டு வயது. பள்ளி நாட்களில் பிள்ளை என்னோடு, லீவில் ஒரு வாரம் அங்கே ஒரு வாரம் இங்கே என்று பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்தது. புதியவளின் பெயர் எனக்குத் தெரியும். இதில் எழுதுவதாக இல்லை. மருந்துக் கம்பெனிக்காரர் எங்கள் லேபுக்குக் கொடுத்த டைரி, நல்ல வழவழப்பான தாள். அதை எதற்குக் கெடுக்க வேண்டும்?

பொரியலில் கிடக்கும் பீன்ஸைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசை கட்டுகிறவள், இன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு ப்ராக்கோலியை உப்பும் மிளகும் போட்டு வதக்கித் தின்றாள். பதினஞ்சு வருஷம் நான் கெஞ்சி நடக்காதது அங்கே நாலே நாளில் நடந்திருக்கிறது. எனக்கு வயிறு எரிந்தது. மிளகால் அல்ல.

மீதி ஒன்றரையைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டி ஃபிரிட்ஜில் வைத்தேன். இடம் இல்லை. கொத்தமல்லி டம்ளரை ஓரத்துக்குத் தள்ளி, மாம்பழங்களுக்குப் பக்கத்தில் செருகினேன்.

கொத்தமல்லி மேல் போடும் ஈரத்துணிக்கு நான் வைத்திருப்பது இரண்டு ஊதாக்கரைக் கைக்குட்டைகள். மாற்றி மாற்றிப் போடுவது. ஒன்றைக் காணோம்.

ஏப்ரல் 23, புதன்

மஞ்சள் பூத்துவிட்டது. கவரைப் பிரித்தால் உள்ளே வியர்த்து ஊற்றியிருக்கிறது, ஒரு வாடை வேறு.

மிருது எட்டிப் பார்த்தாள். "அங்க பத்து நாளு இருக்குது மா."

"அங்க குளிரு. இங்க வெயிலு."

"ஃபிரிட்ஜுக்குள்ள என்னம்மா வெயிலு?" சிரித்தாள். "லேப்ல ஊர்க்காரங்க ரத்தத்தையெல்லாம் பத்திரமா வெச்சிருக்க. ஒரு ப்ராக்கோலிய வெக்கத் தெரியலையே உனக்கு."

பிள்ளை கேலிதான் செய்தாள். எனக்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருஷமாக லேப் டெக்னீஷியன். தினம் இரண்டு வேளை ஃபிரிட்ஜின் டிகிரியைப் பார்த்துக் குறித்துக் கையெழுத்துப் போடுகிறவள். என்னைப் பார்த்து இந்தக் கேள்வி.

"மஞ்சளானா அழுகிருச்சுன்னு அர்த்தமில்ல மா. நாம திங்கறது அதோட மொட்டு. அது விரியுது, அவ்ளோதான். இதெல்லாம் ஒண்ணும் பெரிய வித்தை இல்ல, நீயே..."

"அவ சொல்லிக் குடுத்ததை எங்கிட்ட வந்து ஒப்பிக்காத."

வாயை மூடிக்கொண்டாள். சாயங்காலம் வரை திறக்கவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

லேபிலிருந்து பழைய தெர்மாமீட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன். பதினொரு டிகிரி. கதவின் ரப்பர் ஒரு பக்கம் தொய்ந்திருக்கிறது. சோப்புத் தண்ணீரில் துடைத்து, வெந்நீர்த் துணி ஒற்றி இழுத்துச் சரி செய்தேன். ராத்திரி ஏழு டிகிரி.

நான் ஒன்றும் தெரியாதவள் இல்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

மிருது மலையேறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கையாட்டினாள். எல்லாப் பிள்ளைகளும் ஆட்டுவதுதான்.

ஏப்ரல் 28, திங்கள்

வேலை முடிந்து வரும்போது மார்க்கெட்டில் மூன்று ப்ராக்கோலி வாங்கினேன். யாருக்கு என்று கேட்க வீட்டில் ஆள் இல்லாததும் ஒரு வசதி.

லேபில் செய்கிற மாதிரியே செய்தேன். மூன்றுக்கும் பிளாஸ்திரி ஒட்டி, அ, ஆ, இ என்று எழுதி, தேதியும் நேரமும் போட்டேன். 'அ'வை இறுக்கி மூடும் டப்பாவில் அடைத்தேன். 'ஆ'வைக் காலிஃபிளவருக்குச் செய்வதுபோல மஞ்சள்தூளும் உப்பும் போட்ட வெந்நீரில் ஐந்து நிமிஷம் முக்கி, புழு இருந்தால் போகட்டும் என்று எடுத்துப் பையில் போட்டேன். 'இ'யைக் கழுவாமல் செய்தித்தாளில் சுற்றி வைத்தேன்.

கறிக்கு நாலு தழை கொத்தமல்லி வேண்டும் என்று பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி அக்கா வந்தார். ஃபிரிட்ஜைத் திறந்ததும் மோவாயில் கை வைத்துக்கொண்டார்.

"ஏன் செல்வி, பச்சைக் காலிபிளவருக்கெல்லாம் பேரு வெச்சிருக்கற? காது குத்தும் உண்டா?"

"சும்மா ஒரு சோதனைங்க அக்கா."

"என்னத்தச் சோதனையோ. உன்ற கொத்தமல்லி மட்டும் எப்படித்தான் இப்படி நிக்குதோ! போன வாரத்துக்கு முந்தின வாரம் வாங்குனது தானே இது? எங்கூட்ல மூணாம் நாளே கருகிப் போகுது."

"வேரு தண்ணில இருக்கோணும், தலை மேல ஈரத்துணி லேசாப் போடோணும், காத்துப் போகோணும். அவ்வளவுதானுங்க அக்கா" என்று தழையைக் கிள்ளிக் கொடுத்தேன். அவர் கேட்டுவிட்டுப் போனார். செய்யமாட்டார். பத்து வருஷமாக இதையேதான் கேட்கிறார்.

ஏப்ரல் 30, புதன்

'ஆ' போய்விட்டது. கறுப்புப் புள்ளி, தொட்டால் வழவழ. காலிஃபிளவரைக்கூடச் சமைக்கும்போதுதான் வெந்நீரில் போடுவோம், போட்டு யாரும் எடுத்து வைப்பதில்லை. கோபத்தில் புத்தி எங்கே போயிற்றோ.

மே 2, வெள்ளி

'அ' நாறுகிறது. 'இ' பரவாயில்லை, நுனியில் மட்டும் இலேசாக மஞ்சள். நாலு நாள்.

அவளுக்குப் பத்து நாள்.

மே 4, ஞாயிறு

மிருது வந்தாள். நாலு ப்ராக்கோலி, முழங்கையில் ஒரு சிராய்ப்பு, நகக்கண்ணில் மண். வெயில் பட்டுக் கறுத்திருக்கிறாள். சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னாள்.

"அம்மா, நான் பிளஸ் ஒன் அங்க படிக்கட்டுமா?"

கரண்டி கையில் அப்படியே நின்றது. "எங்க?"

"கோத்தகிரில. அங்க ஸ்கூல்ல வேளாண்மை குரூப் இருக்குது மா. இங்க நம்ம ஸ்கூல்ல இல்ல. எனக்கு அதுதான் படிக்கோணும். அப்பறம் அக்ரி காலேஜு..."

"நீ டாக்டர் ஆகோணும்னு சொல்லிட்டிருந்த."

"அது நீ சொல்லிட்டிருந்தது மா."

"இதை யாரு உன்ற தலைல ஏத்துனது? அவளா?"

"யாரும் ஏத்தல. நீ ஏம்மா எல்லாத்துக்கும் அவங்களை இழுக்கற?"

பதினஞ்சு வயசுப் பிள்ளைக்கு மண்ணும் உரமும் தானாகவா பிடிக்கும்? எனக்குத் தெரியாதா? முதலில் காய், பிறகு சமையல், பிறகு பள்ளிக்கூடம். படிப்படியாகப் பிள்ளையை எடுத்துக்கொள்கிறாள். புருஷனை எடுத்தபோதுகூட எனக்கு இவ்வளவு எரியவில்லை, அவர் ஏற்கெனவே நான் வேண்டாம் என்று வைத்த பொருள். இது அப்படியா? என் பிள்ளை. எனக்கு இருப்பதே இந்த ஒன்று.

சேர்க்கைக்கு இந்த மாசக் கடைசிவரை நேரம் இருக்கிறதாம். அதற்கு நான் தர வேண்டியது மாற்றுச் சான்றிதழ். அதைப் பள்ளியில் பெற்றோர் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். பள்ளிப் பதிவேட்டில் இருப்பது என் கையெழுத்து.

மே 6, செவ்வாய்

எழுதக் கை கூசுகிறது. எழுதிவிடுகிறேன்.

காலையில் மிருது தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். ஃபிரிட்ஜைத் திறந்தேன். நாலு ப்ராக்கோலியும் கவரிலிருந்து வெளியே எடுக்கப்பட்டு, தண்ணீர் ஊற்றிய டப்பாவில் கம்பீரமாக நின்றன. பிள்ளையின் வேலை. என் கொத்தமல்லி டம்ளர் பின்வரிசைக்குப் போயிருந்தது. மாம்பழங்களைக் காணோம். எல்லாவற்றையும் எடுத்து வெளியே கூடையில் வைத்திருக்கிறாள்.

என் வீட்டு ஃபிரிட்ஜ். அதற்குள்ளும் அவள் சட்டம்.

நாலையும் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். பாப்பாத்தி அக்காவின் ஆடு வேலிக்கு அந்தப் பக்கம் கட்டியிருந்தது. போட்டேன். ஒவ்வொன்றாகப் போட்டேன். அது முதலில் முகர்ந்தது, பிறகு நறுக் நறுக்கென்று தின்றது. பார்க்க நன்றாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், மிக நன்றாக இருந்தது.

மத்தியானம் மிருது வந்து கேட்டாள். "எல்லாம் அழுகிப்போச்சு கண்ணு, கொட்டிட்டேன்" என்றேன்.

"ரெண்டு நாள்லயா?"

"ஆமா."

அந்த நேரம் பார்த்துப் பாப்பாத்தி அக்கா வேலியோரம் நின்று கூப்பிட்டார். "செல்வி! இன்னும் இருந்தாப் போடு சாமி, ஆடு உன்ற ஊட்டையே பாத்துட்டு நிக்குது. பச்சுப் பச்சுன்னு இருக்குது, இதைப் போய் ஆட்டுக்குப் போட்டிருக்கற?" ஆட்டின் வாயோரம் ஒரு பச்சைப் பூ ஒட்டிக்கொண்டிருந்தது.

மிருது என்னைப் பார்த்தாள். அழுதிருந்தால், கத்தியிருந்தால் பரவாயில்லை. உள்ளே போய்த் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள்.

மே 7, புதன்

இந்த வாரம் என்னோடு இருக்க வேண்டிய வாரம். காலை பஸ்ஸில் போய்விட்டாள். கையாட்டவில்லை.

மே 9, வெள்ளி

கொத்தமல்லிக்குத் தண்ணீர் மாற்றினேன். ஃபிரிட்ஜ் ஆறு டிகிரி. அதில் இப்போது மாவும் தயிரும் கொத்தமல்லியும் மட்டும்.

மே 11, ஞாயிறு

போன் வரவில்லை. நானும் செய்யவில்லை. தப்பு செய்தது நான். ஆனாலும் அவள்தான் முதலில் செய்ய வேண்டும் என்று மனசு அடம்பிடிக்கிறது. ஆடு பகை, குட்டி உறவா என்பார்கள். எனக்கு இங்கே குட்டியே பகையாகிவிட்டது, உண்மையான ஆடு மட்டும்தான் உறவு. வேலியோரம் போனாலே கத்துகிறது.

மே 16, வெள்ளி

ரிசல்ட். நானூற்று நாற்பத்தாறு. அறிவியலில் தொண்ணூற்று எட்டு.

அவளே கூப்பிட்டாள். "பாத்தியா மா?" என்றாள். "பாத்தேன் சாமி" என்றேன். பின்னால் யாரோ பெண்பிள்ளை "அம்மாகிட்டப் பேசியாச்சா? இந்தா, முதல் இனிப்பை அவங்களுக்குன்னு எடுத்து வெய்யி" என்று சொல்வது கேட்டது.

அந்தக் குரலில் குறை கண்டுபிடிக்கப் பார்த்தேன். கொஞ்சம் கரகரப்பு. அவ்வளவுதான் கிடைத்தது.

மே 20, செவ்வாய்

பள்ளிக்குப் போய் மதிப்பெண் சான்றிதழும் மாற்றுச் சான்றிதழும் வாங்கிவிட்டேன். அலமாரியில், புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் மிருதுவின் அப்பா போன் செய்தார். "டி.சி. கைக்கு வந்துருச்சா?"

"இன்னும் குடுக்கல."

"மாசக் கடைசிக்குள்ள வேணும் செல்வநாயகி. பிள்ளை ஆசைப்படுது."

"குடுத்தா அனுப்பறேன்."

வைத்துவிட்டேன். ப்ராக்கோலிக்குச் சொன்ன பொய் இப்போது சான்றிதழ் வரை வந்துவிட்டது. கொஞ்ச நாள் ஒளித்து வைத்தால் தேதி போய்விடும். தேதி போனால் பிள்ளை இங்கேயே இருப்பாள். இங்கேயே இருந்து, தினமும் அன்றைக்குப் பார்த்த மாதிரி என்னைப் பார்ப்பாள்.

மே 22, வியாழன்

லேபில் ஒரு ரத்த மாதிரிக்கு வேறு பெயர் ஒட்டப் போனேன். கடைசி நிமிஷம் கண்ணில் பட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மே 24, சனி

போய் வந்தேன். முழுதும் எழுதிவிட வேண்டும்.

கஞ்சி போட்ட பழுப்புக் காட்டன் புடவை கட்டினேன், மூன்று புடவை மாற்றிய பிறகு. சான்றிதழைப் பையின் உள்ளறையில் வைத்தேன். கொடுப்பதற்குத்தான் என்று அப்போதுகூட முடிவு செய்யவில்லை. கொண்டைஊசி வளைவுகளில் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அந்த வீட்டைப் பார்த்ததும் என்னென்ன குறை சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே போனேன்.

கதவைத் திறந்தவளைப் பார்த்ததும் எனக்கு ஏமாற்றம். நான் மனசில் வரைந்து வைத்திருந்த அழகில் பாதிகூட இல்லை. குள்ளம். ஆண்பிள்ளை ஸ்வெட்டர். காலெல்லாம் வெடிப்பு. இவளுக்காகவா இத்தனை வருஷம் இத்தனை எரிந்தேன் என்று, அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

"வாங்க அக்கா, வாங்க" என்றாள். பதறித்தான் போனாள். "அவரு ஃபேக்டரிக்குப் போயிட்டாருங்க. மிருதுளா கீழ பாத்தில இருக்கறா, கூப்படறேன்."

"இருக்கட்டும். வரும்போது வரட்டும்."

டீ போடுகிறேன் என்று சமையலறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன், குறை பார்க்கத்தான். பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தாள்.

நடுத்தட்டில் மூன்று எவர்சில்வர் டம்ளர். ஒவ்வொன்றிலும் இரண்டு விரல் தண்ணீர். தண்ணீரில் தண்டை ஊன்றி ஒவ்வொரு ப்ராக்கோலி, பூங்கொத்து மாதிரி. தலைமேல் இலேசாகப் போர்த்திய ஈரத்துணி. நடுவில் இருந்ததன் மேல் போட்டிருந்தது ஊதாக்கரைக் கைக்குட்டை.

என் கைக்குட்டை.

நான் அதையே பார்ப்பதைக் கவனித்துவிட்டாள். "அது உங்குளுதுங்களா அக்கா? மிருதுளா கொண்டாந்தது. மன்னிச்சுக்கோங்க, எனக்குத் தெரியலீங்க."

"இப்படி வெக்கறதுக்கு யாரு சொன்னது?"

"அவதானுங்க. எங்களுக்கு வெச்சுக்கற பழக்கமே இல்லீங்க அக்கா. காலைல வெட்டுவோம், பத்து மணி வண்டிக்குப் போயிரும். வீட்டுக்குன்னு வெச்சதைக் கவர்ல கட்டிப் போட்டா மூணாம் நாளு மஞ்சப் பூத்துரும், மாட்டுக்குப் போட்டிருவோம். இவ அரையாண்டு லீவுல வந்தப்பவே பாத்துட்டு, 'எங்கம்மா கொத்தமல்லிய இப்படி வெக்க மாட்டாங்க'ன்னா. கழுவப்படாதுன்னா, காத்துப் போகோணும்னா, பழத்தைப் பக்கத்துல வெக்கப்படாதுன்னா. 'எங்கம்மா கொத்தமல்லி பன்னெண்டு நாளு நிக்கும்'னு டம்ளர்ல நிறுத்துனா. பத்து நாளு நின்னுதுங்க அக்கா!"

பழத்தைப் பக்கத்தில் வைக்கக் கூடாது என்பதும் நான் சொன்னதுதான். வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் கொத்தமல்லி வைத்தால் பழுத்துப் போகும் என்று சின்ன வயசில் அவளைத் திட்டியிருக்கிறேன். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். 'நீயே' என்று பிள்ளை ஆரம்பித்தபோது அடைத்த வாயை நினைத்துக்கொண்டேன். 'நீயே செய்யறது தானே மா' என்றுதான் சொல்ல வந்திருப்பாள். ஊரில் உள்ள எல்லாத் தழைக்கும் செய்கிறதை இதற்கு மட்டும் நான் செய்யவில்லை. இது அவளிடமிருந்து வந்த காய் என்பதால்.

அவள் டீயை நீட்டினாள். நீட்டிவிட்டு, டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"சொன்னா நீங்க சிரிப்பீங்க அக்கா. நான் ரசம் வெச்சா, எங்கம்மா ரசம் இப்படி இருக்காதும்பா. துணி மடிச்சா, எங்கம்மா இப்படி மடிக்க மாட்டாங்கம்பா. மூணு வருசமா அவ வந்தாப் போதும், காலைல எந்திரிச்சதுல இருந்து உங்க பேச்சுத்தானுங்க. எனக்குப் பிள்ளையில்ல, இவகிட்டயாவது ஒரு நல்ல பேரு வாங்கிறலாம்னு பாத்தா, எதைச் செஞ்சாலும் அங்க நீங்க ஏற்கெனவே நிக்கறீங்க. எனக்கு உங்க மேல அப்படியொரு வயித்தெரிச்சலுங்க அக்கா."

நான் சிரிக்கவில்லை. வாயில் டீ இருந்தது.

அப்போது மிருது உள்ளே வந்தாள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் மண்வெட்டி. என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"கண்ணு," என்றேன், "அன்னைக்கு அது அழுகல. நல்லாத்தான் இருந்துச்சு."

"தெரியும் மா. ஆடு அழுகுனதைத் திங்காது."

மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தாள். பிறகு மிருது அழ ஆரம்பித்தாள். மண்கையோடு வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கஞ்சி போட்ட புடவையெல்லாம் சேறு.

"நான் வேணும்னா அங்கயே படிக்கறேன் மா. நீ தனியா இருப்ப. வேற குரூப் எடுத்துக்கறேன்."

இதற்குத்தான் இத்தனை நாளும் ஏங்கினேன். 'சரி' என்று ஒரு சொல் சொன்னால் போதும், கூடவே பஸ் ஏறிவிடுவாள். சொல்லவும் வாயெடுத்தேன். நிஜமாகவே எடுத்தேன். ஜன்னலுக்கு நேர் கீழே பாத்தி தெரிந்தது. கயிறு பிடித்து நட்டதுபோல நேராக, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு குச்சி, குச்சியில் பிளாஸ்திரி, அதில் தேதி. என் கையெழுத்தைப் போலவே வலதுபக்கம் சாய்ந்த எழுத்து. "இது யாரு எழுதுனது?" என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

பையின் உள்ளறையைத் திறந்து சான்றிதழை எடுத்துக் கொடுத்தேன். "செவ்வாய்க்கிழமையே வாங்கிட்டேன். ஒளிச்சு வெச்சிருந்தேன்."

மிருது அதை மண்கையால் வாங்கப் போனாள். மற்றவள், "கையைக் கழுவீட்டு வாங்கு கண்ணு, அம்மா பத்திரமாக் கொண்டாந்திருக்கறாங்க" என்றாள்.

"ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை வந்தரோணும்" என்றேன். அது என் நிபந்தனை.

இறங்கும்போது பஸ்ஸில் ஒரே சந்தோஷம். பிள்ளையை விட்டுவிட்டு வருகிறேன், அழுதிருக்க வேண்டும். அந்த வீட்டில் மூன்று வருஷமாக என் பேச்சுத்தான் என்று நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டுக்காரம்மா நகர்ந்து உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்த பிறகுதான் அழுதேன்.

ஜூன் 4, புதன்

காலை பஸ் டிரைவரிடம் மிருது ஒரு பை கொடுத்து அனுப்பியிருக்கிறாள். ஒரு ப்ராக்கோலி. கழுவவில்லை. தண்டின் அடியைச் சீவி, டம்ளரில் இரண்டு விரல் தண்ணீர் ஊற்றி நிறுத்தி, ஊதாக்கரைக் கைக்குட்டையைப் பிழிந்து மேலே போர்த்தினேன். பக்கத்தில் கொத்தமல்லி. ஐந்து டிகிரி.

மிருது 14-ஆம் தேதி வருகிறாள். சரியாகப் பத்து நாள்.

ஜூன் 9, திங்கள்

பச்சை. தண்ணீர் மாற்றினேன்.

ஜூன் 14, சனி

பத்தாம் நாள். பச்சை. ஒரு மொட்டுகூட விரியவில்லை.

பத்து மணிக்குப் போன். "அம்மா, இன்னைக்கு வர முடியல மா. ஸ்கூல்ல நாத்து நடறாங்க, எங்க பேட்ச்சுதான். அடுத்த சனிக்கிழமை கட்டாயம் வர்றேன். கோவிச்சுக்காத மா."

"நாத்து முக்கியம்" என்றேன்.

வைத்துவிட்டு ஃபிரிட்ஜைத் திறந்து டம்ளரைக் கையில் எடுத்தேன். கொல்லையில் ஆடு கத்தியது. அதற்கு எப்படியோ மூக்கில் வேர்த்துவிடுகிறது. டம்ளரோடு கொல்லைக் கதவு வரைக்கும் போனேன். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு உள்ளே வந்து தண்ணீரை மாற்றி, கைக்குட்டையை அலசிப் பிழிந்து, திரும்பவும் வைத்தேன்.

ஜூன் 18, புதன்

நாலைந்து மொட்டில் மஞ்சள். இனி ஃபிரிட்ஜில் வேண்டாம் என்று எடுத்துச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தேன்.

ஜூன் 21, சனி

மிருது வந்தாள். பையை இறக்குவதற்குள் மேஜையைப் பார்த்துவிட்டாள். டம்ளரில் ப்ராக்கோலி முழுக்கப் பூத்து நிற்கிறது. சின்னச் சின்ன மஞ்சள் பூக்கள், கடுகுப் பூ மாதிரி. இவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"அம்மா! இது அன்னைக்கு அனுப்புனதா? ஆட்டுக்குப் போடலையா?"

"பத்து நாளு பச்சையா நின்னுது. அதுக்கப்பறம் அது இஷ்டம்."

குனிந்து முகர்ந்தாள். "அங்க ஒரு வரிசைய வெட்டாம அப்படியே விட்டிருக்கறோம் மா, விதைக்கு. பூத்து நிக்குது, ஒரே தேனீ. அவங்க அதுல என்ன சொன்னாங்கன்னா..." என்று ஆரம்பித்தவள், பழக்கத்தில் சட்டென்று நிறுத்திக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

எனக்கு இன்னமும் எரியத்தான் எரிகிறது. இல்லை என்று எழுதினால் பொய். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"சொல்லு" என்றேன். "சுமித்ரா என்ன சொன்னா?"

பெயரை எழுதிவிட்டேன். தாள் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.